அவுட்டான கேப்டனை யார் உள்ளே கூப்பிடுவது?

பொங்கல் முடிந்த வாரத்தில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த நாட்களில் பகலெல்லாம் ஜல்லிக்கட்டுப் பேச்சு, ராத்திரியானால் கபடி. தைலமரக் காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கும் ஒரு பொட்டலைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, மூங்கிலில் ஃபோகஸ் லைட் கட்டியிருப்பார்கள். மைக்கில் ஒருவர் தொண்டை கட்டும் வரை வர்ணனை செய்துகொண்டிருப்பார். பாட்டிகள்கூடப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஊர் அணியின் கேப்டனைக் கண்டுபிடிப்பது சுலபம். நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவன் யாரோ அவன்தான். நுழைவுக் கட்டணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவான். வேன் டிரைவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பான். பனியன் நம்பர் மாறிப்போனதற்கு நடுவரிடம் விளக்கம் சொல்வான். ‘என் பிள்ளையை ஏன் வெளியில உட்கார வச்சே?’ என்று கேட்கும் அப்பாவைச் சமாதானப்படுத்துவான். இவ்வளவையும் முடித்துவிட்டு, மூச்சு வாங்க உள்ளே ஓடி, முதல் ரைடும் அவனே போவான்.

போன வருஷம் வரை எங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவன் இருந்தான். என் அண்ணன் மகன். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான், ஊர் அணிக்குக் கேப்டன். அவன் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலது முட்டி வலிக்கும். காரணம் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ரைடு

அதே மாதிரி ஒரு தை மாதம். அதே மாதிரி ஒரு பொட்டல். எனக்கு இருபது வயது, நான்தான் கேப்டன். கால் இறுதி ஆட்டம். முதல் பாதியில் எதிரணி ரைடரின் காலைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்தபோது, முட்டிக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம். சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. எழுந்து நின்றேன். கால் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கேப்டன் வலிக்கிறது என்று சொன்னால் அணி கலங்கிவிடும் என்று நினைத்தேன். நிஜக் காரணம் அது இல்லை என்பது இப்போது தெரிகிறது. நான் இல்லாமல் அணி ஆடிவிடுமோ என்ற பயம்தான் அது.

இரண்டாம் பாதியில் நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். இரண்டு ரைடு வெறும் கையோடு திரும்பியாகிவிட்டது. அடுத்த ரைடில் புள்ளி எடுத்தாக வேண்டும். அணியிலேயே சின்னவன் என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, நொண்டுறீங்க. இந்த ரைடு நான் போறேண்ணே.”

“நீ பிடிக்கிற வேலையைப் பாருடா” என்றேன்.

போனேன். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததுமே எதிரணிக் கார்னருக்குத் தெரிந்துவிட்டது, எந்தக் கால் சொன்னபடி கேட்காது என்று. அந்தக் காலையே பிடித்தான். அதற்கடுத்த சில நிமிஷங்களில் ஆல் அவுட். ஆட்டமும் போனது.

வீட்டில் மறைத்தேன். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நானே தேய்த்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, படியிறங்கும்போது கால் மடங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். சவ்வு கிழிந்திருந்தது. அதன் பிறகு நான் கோட்டுக்குள் இறங்கியதே இல்லை. இன்றைக்கும் பந்தியில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால் நாற்காலி தேடுவேன்.

முட்டியைவிட இன்னொரு விஷயம் ரொம்ப நாள் உறுத்தியது. ‘நான் போறேண்ணே’ என்று வந்த அந்தப் பையன் அடுத்த வருஷம் பக்கத்து ஊர் அணிக்குப் போய்விட்டான். அங்கே அவன்தான் முதல் ரைடர். எங்கள் அணியிலேயே அப்படி ஒரு ரைடர் இருந்தான். கேப்டனுக்குத்தான் கண் தெரியவில்லை.

கபடி சொல்லித்தரும் முதல் பாடம்

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விதிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அதில் ஒரு விதியை நாம் சரியாக யோசித்துப் பார்ப்பதில்லை.

கிரிக்கெட்டில் அவுட்டானால் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கபடியில் அவுட்டானவன் திரும்ப வரலாம். ஆனால், தானாக எழுந்து வர முடியாது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால், இங்கே முதலில் அவுட்டானவருக்கு உயிர் வரும். இரண்டு பேரை அவுட்டாக்கினால் இரண்டு பேருக்கு உயிர். கேப்டனுக்கென்று தனிச் சலுகை கிடையாது. இந்தியாவிலேயே பெரிய ரைடராக இருந்தாலும், வெளியே உட்கார்ந்துவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டியது உள்ளே இருக்கும் ஆட்கள்தான்.

அந்த ஆட்களை நீங்கள் வளர்த்திருந்தால் சீக்கிரம் உள்ளே வருவீர்கள். எல்லா ரைடும் நானே என்று போயிருந்தால், அன்றைக்கு உங்களைக் கூப்பிட ஆள் இருக்காது. சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. நம் தமிழ் தலைவாஸ் அணிக்கு நிஜமாகவே இப்படி ஒரு சோதனை வந்தது.

2.26 கோடி ரூபாய் கேப்டன் வெளியே போன நாள்

2017-ல் புரோ கபடி லீகுக்குள் வந்தது தமிழ் தலைவாஸ். முதல் நான்கு சீசன்களில் ஒருமுறைகூட ப்ளே-ஆஃப் பக்கம் போகவில்லை. புள்ளிப் பட்டியலின் அடிமட்டத்திலேயே கிடந்து பழகிப்போன அணி. 2022-ல் ஒன்பதாவது சீசன் ஏலத்தில், பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தார்கள். அதுவரை லீக் வரலாற்றில் எந்த வீரருக்கும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. கேப்டன் பொறுப்பும் அவருக்குத்தான். ‘இனி பவன் பார்த்துக்குவார்’ என்று ரசிகர்கள் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

அந்த நிம்மதி ஓர் ஆட்டம்கூட முழுசாக நிலைக்கவில்லை. 2022 அக்டோபர் 8. பெங்களூரில் குஜராத் ஜெயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனுக்கு முட்டியில் அடி. அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்ப ஆடவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

கேப்டன் பொறுப்பு சாகர் ராட்டியிடம் வந்தது. ஹரியானாக்காரர், வலது கார்னரில் நின்று பிடிப்பவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ரைடரின் இடத்தை இன்னொரு ரைடரைக் கொண்டு நிரப்பத் தோன்றும். இங்கே ஒரு டிஃபெண்டர் கேப்டனானார். கார்னரில் நிற்பவர் தானே ஓடிப்போய்ப் புள்ளிகளைக் குவித்துவிட முடியாது. புள்ளிக்கு அவர் மற்றவர்களை நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பப்பட்டவர்களில் ஒருவர் நரேந்தர். புரோ கபடியில் அவருக்கு அதுதான் முதல் சீசன். பவன் போக வேண்டிய ரைடுகள் எல்லாம் இந்தப் புதுப் பையன் தலையில் விழுந்தன. சீசன் முடியும்போது அவர் எடுத்திருந்த ரைடு புள்ளிகள் 243. பக்கபலமாக அஜிங்கியா பவார் ரைடுக்குப் போனார். இடது கார்னரில் சாகில் குலியா நின்றார். சீசனின் நடுவில் பயிற்சியாளரும் மாறினார்; அஷன் குமார் வந்தார். கேப்டன் போய், பயிற்சியாளரும் மாறிய ஓர் அணி சிதறிப்போயிருக்க வேண்டும். இந்த அணியோ, முதல் முறையாக ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்தது.

கதை அதோடு முடியவில்லை. முக்கியமான கட்டத்தில் சாகருக்கும் காயம். மறுபடியும் கேப்டன் வெளியே. டிசம்பரில் நடந்த எலிமினேட்டரில் அஜிங்கியா பவார் அணியை நடத்தினார். யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன். டைபிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் ஜெயித்தது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39. இரண்டே இரண்டு புள்ளியில் இறுதிப்போட்டி கைநழுவியது.

கோப்பை வரவில்லைதான். ஆனால், ஒரே சீசனில் மூன்று பேர் கேப்டன் பொறுப்பைச் சுமந்தார்கள், அணி ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றது. ஒரே ஆளை நம்பியிருந்தால் அக்டோபர் 8-ம் தேதியே அந்த சீசன் முடிந்திருக்கும். அடுத்த சீசனுக்கு சாகர் கேப்டன் ஆனபோது, அஜிங்கியா, சாகில் என்று இரண்டு பேரைத் துணைக் கேப்டன்களாக அறிவித்தது நிர்வாகம். பட்டு அறிந்த பாடம்.

கபிலின் 175-ம், கிர்மானியின் 24-ம்

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் 1983 ஜூன் 18 பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம், உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயுடன் ஆட்டம். இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். கேப்டன் கபில் தேவுக்கு அப்போது வயது 24.

அன்று அவர் அடித்த 175 ரன்னை எல்லோரும் சொல்வார்கள். எதிர்முனையில் நின்றவரைச் சொல்பவர்கள் குறைவு. 140 ரன்னுக்கு 8 விக்கெட் விழுந்தபோது உள்ளே வந்தார் விக்கெட் கீப்பர் சையத் கிர்மானி. கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை. அவர் எடுத்தது 24 ரன். இருவரும் சேர்ந்து பிரியாமல் எடுத்தது 126. இந்தியா 266-ஐத் தொட்டது, 31 ரன்னில் ஜெயித்தது. கபிலைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் கிர்மானி. ஒரு முனையை அவர் பார்த்துக்கொண்டார். மறுமுனையில் இருந்து கபில் அடித்தார். கிர்மானியின் 24 இல்லையென்றால் கபிலின் 175 இல்லை.

ஒரு வாரம் கழித்து ஜூன் 25, லார்ட்ஸில் இறுதிப்போட்டி. இந்தியா எடுத்தது வெறும் 183. அதிலும் அதிகபட்சம் நம் சென்னை ஸ்ரீகாந்த் அடித்த 38. மேற்கிந்தியத் தீவுகள் ஆடும்போது விவியன் ரிச்சர்ட்ஸ் மதன் லாலின் பந்துகளை விளாசிக்கொண்டிருந்தார். இன்னொரு ஓவர் கொடுங்கள் என்று மதன் லால் தானே கேட்டு வாங்கிய கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அடி வாங்கிய பவுலர் கேட்கிறார். கொடுப்பதா வேண்டாமா என்று கேப்டனுக்கு யோசனை வராதா? கபில் கொடுத்தார். அந்த ஓவரில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தைப் பின்னாலேயே ஓடிப் பிடித்தவரும் கபில்தான்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘நான் போறேண்ணே’ என்று ஒருவன் முன்வந்தால் பந்தைக் கொடுப்பது ஒன்று. கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காமல், அவன் பந்துக்குக் கேட்ச் பிடிக்க ஓடுவது இன்னொன்று. பொறுப்பைப் பகிர்வது என்றால் பொறுப்பைக் கழற்றிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதும் கேப்டன்தான்.

இரண்டாம் இடமும் பெரிய இடம்தான்

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் பார்ப்போம். உதவி கொடுக்கும் இடத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவைத் தமிழ்நாடே கொண்டாடியது நினைவிருக்கும். அந்த அணியில் அவர் துணைக் கேப்டன். கேப்டன் பட்டம் இல்லாமலே ஓர் அணியைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்பதற்கு நம் கண்ணெதிரே இருக்கும் உதாரணம். எங்கள் ஊர்ப் பக்கப் பெண் பிள்ளைகள் பலரின் போனில் இப்போது கார்த்திகாவின் வீடியோ இருக்கிறது.

துணைக் கேப்டன் என்பது பனியனில் எழுதிக்கொள்ளும் பெயர் இல்லை. கேப்டன் வெளியே உட்கார்ந்த நிமிஷத்தில், யார் சொல்வதைக் கேட்பது என்று ஏழு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் தவறு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். ஊர் அணிகளில் பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை.

ஐந்து வேலை, ஐந்து பேர்

போன வருஷம் தீபாவளி நேரம். என் அண்ணன் மகன் காய்ச்சலில் படுத்தான். போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பனியன் யார் வாங்குவது, முன்பணம் எங்கே, நாளைக்குப் பயிற்சி உண்டா... எல்லாக் கேள்விக்கும் பதில் அவனிடம் மட்டுமே இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ஏன்டா தம்பி, உன் டீம்ல எத்தனை பேரு?”

“பன்னெண்டு பேரு சித்தப்பா.”

“அப்ப மத்த பதினோரு பேரும் என்ன வேலை பார்க்கிறாங்க?”

“அவனுங்ககிட்ட விட்டா சொதப்பிருவானுங்க சித்தப்பா. நானே செஞ்சா ஒரு டென்ஷன் மிச்சம்.”

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு. என் முட்டியின் கதையை அன்றுதான் அவனிடம் முழுசாகச் சொன்னேன். பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து இருவரும் எழுதினோம். நீங்களும் ஓர் அணிக்குக் கேப்டன் என்றால், அது கபடியோ, கைப்பந்தோ, கல்லூரிப் புராஜெக்ட் குழுவோ, திருவிழாக் கமிட்டியோ, இதை எழுதிப் பார்க்கலாம்.

பணம்: வசூலும் செலவும் ஒருவரிடம். கேப்டன் கையில் காசு இருக்கக் கூடாது. கணக்கை அணி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் சந்தேகப் பேச்சே எழாது.

பயணமும் சாப்பாடும்: வேன், தண்ணீர், குளுக்கோஸ், திரும்பும்போது சாப்பாடு. இதற்கு ஒருவர்.

பிடிக்கும் பக்கம்: யார் பாய்வது, எப்போது சங்கிலி போடுவது என்று குரல் கொடுப்பது கார்னரில் நிற்பவர். ரைடர் கேப்டனாக இருந்தாலும், டிஃபென்ஸில் அவரும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட வேண்டும்.

ரைடு வரிசை: ‘மூன்றாவது ரைடு’ வந்தால் யார் போவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கேப்டனே எப்போதும் போவது முடிவு அல்ல, பழக்கம்.

உடம்பு: யாருக்கு அடிபட்டாலும் ‘நீ வெளியே வா’ என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு. கேப்டனையும் அவர் வெளியே கூப்பிடலாம். கேப்டன் மறுப்பு சொல்லக் கூடாது.

ஐந்தாவதை எழுதும்போது பையன் என் காலைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது

‘யாராவது வேனுக்குச் சொல்லிருங்கடா’ என்று குழுவில் மெசேஜ் போட்டால், பன்னிரண்டு பேரும் கட்டைவிரலைப் போடுவார்கள், வேன் வராது. ‘யாராவது’ என்று ஓர் ஆள் எந்த ஊரிலும் இல்லை. ஆளின் பெயர், வேலை, கெடு மூன்றையும் சொல்லிக் கேட்டால்தான் அது உதவி கேட்பது.

கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். எங்கள் பையனின் அணியில் கணக்கு எழுதப் போனவன் முதல் டோர்னமென்ட்டிலேயே முந்நூறு ரூபாய்க்குக் கணக்கு காட்ட முடியாமல் முழித்தான். ‘நான் அப்பவே சொன்னேன்ல சித்தப்பா’ என்று இவன் நோட்டை வாங்கக் கிளம்பினான். “ஒரு தடவை விடு” என்றேன். அந்தப் பையன் ராத்திரி முழுக்க யோசித்து, பிளாஸ்டரும் ஸ்பிரேவும் வாங்கிய மருந்துக்கடைச் செலவைக் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த டோர்னமென்ட்டிலிருந்து செலவானதும் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறான். இவன் கணக்கு பார்த்த காலத்தில் பில் என்ற ஒன்றே கிடையாது!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேப்டன் ஆனால் பெருமைதான். ஆனால், தோற்று வந்த ராத்திரி ‘உன்னாலதான்’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். ‘யாரெல்லாம் நல்லா ஆடினாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் நாலு பேர் பெயர் வந்தால், உங்கள் பிள்ளை நல்ல கேப்டன் ஆகிக்கொண்டிருக்கிறான்.

முட்டி விஷயத்தில் வீம்பு வேண்டாம்

இதை எழுதாமல் விட்டால் என் முட்டி என்னை மன்னிக்காது. ஆடும்போது முட்டிக்குள் சத்தம் கேட்டாலோ, சில மணி நேரத்துக்குள் வீங்கினாலோ, நடக்கும்போது கால் திடீரென்று மடங்கினாலோ, அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. சவ்வு கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

உடனே வெளியே வந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம் வையுங்கள். தோலில் நேரடியாக வைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜை அளவான இறுக்கத்தில் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், சூட்டு ஒத்தடமும் வேண்டாம், வீக்கம் கூடும். காலை ஊன்றவே முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எலும்பு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 2.26 கோடிக்கு எடுத்த பவன் ஷெராவத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே போவது கௌரவக் குறைச்சல் இல்லை. அடுத்த ஆண்டு நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியின் கேப்டன் அவர்தான்.

இந்தத் தை மாதம்

இந்த வருஷமும் ஆட்டம் நடந்தது. நானும் போர்வையோடு போய் உட்கார்ந்தேன். கடைசி ஐந்து நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ரைடு போன எங்கள் பையன் பிடிபட்டு வெளியே வந்து உட்கார்ந்தான்.

போன வருஷமாக இருந்தால் அங்கிருந்தே கத்திக்கொண்டிருப்பான். ‘அவனைப் பிடிடா, இவனை விடாதேடா’ என்று. இந்தத் தடவை முழங்காலைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தான். உள்ளே கார்னர் பையன்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ரைடு வந்தது. நோட்டில் எழுதிய வரிசைப்படி, பிளஸ் டூ படிக்கும் ஒரு பொடியன் கோட்டைத் தாண்டினான். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொடியன் இடது பக்கம் போவதுபோல் போய், வலது பக்கம் காலை நீட்டி, ஒருவனின் முழங்கையைத் தட்டிவிட்டு நடுக்கோட்டில் வந்து விழுந்தான். நடுவர் விரலை உயர்த்தினார்.

“அண்ணே, வாங்கண்ணே!” என்றான் எழுந்திருப்பதற்கு முன்பே.

எங்கள் பையன் உள்ளே ஓடினான்.

ஜெயித்தார்களா என்று கேட்கிறீர்களா? இல்லை. இரண்டு புள்ளியில் தோற்றார்கள். வேனில் திரும்பும்போது முன்சீட்டில் ஒருவன் செல்போன் வெளிச்சத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பரோட்டாப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தான். பொடியன் தன் ரைடை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கேப்டன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.